சிறுவாட்டுக் கிராம்கள்

இசோகாய்-சான் எங்கள் அறைக்குள் நுழைந்தால் நாங்கள் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வோம். அவர் மனிதர்களை எடை போடுவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் ஒரு பயம்.

அவருக்கு முப்பத்தொரு வயது. எடைப் பிரிவின் பொறுப்பாளர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர யாரும் இல்லை. கையில் எப்போதும் மீன்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்று இருக்கும். நம்மோடு பேசிக்கொண்டே மேசையில் கிடக்கும் உதிரிபாகத்தை எடுத்து அதில் மாட்டிவிடுவார். பேச்சு நிற்காது. கண் மட்டும் முள்ளைப் பார்க்கும்.

நான் நிவா. டோயோஹாஷியில் ஒரு சிறிய கார் கம்பெனியில் இருக்கைப் பிரிவுக்குப் பொறுப்பு. டெலிவரி வேன் செய்து பிழைக்கும் கம்பெனி அது. ஹெய்செய் இரண்டாம் ஆண்டு, அதாவது 1990-இல், எங்கள் தலைவர் கனேமருவுக்கு ஓர் ஆசை வந்தது. இரண்டு பேர் உட்காரும், கூரையை மடித்துக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார். பள்ளி ஆசிரியரும் நர்ஸும் வாங்கக்கூடிய விலையில்.

புது எஞ்ஜின் செய்ய வசதி இல்லை. வேன் எஞ்ஜின்தான். அது முட்டைக்கோஸ் மூட்டைகளை நிதானமாக இழுத்துப் பழகியது. அதை ஓடவைக்க ஒரே வழி, அதன் முதுகில் இருக்கும் சுமையைக் குறைப்பது. முதல் கூட்டத்தில் தலைவர் கேட்டார், கார் எத்தனை கிலோ வரும் என்று. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு ஆயிரம் என்றோம்.

"தொள்ளாயிரத்து நாப்பது போதும்" என்றது ஒரு குரல்.

டீ வைத்துக்கொண்டிருந்த பெண். வேன் பிரிவில் ஆறு வருடமாகப் பின்கதவுக் கீல் வரைந்துகொண்டிருந்த பொறியாளர் அவர். ஆனாலும் பெண் என்பதால் கூட்டத்துக்கு டீ அவர்தான் கொண்டுவர வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். அதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை, அந்த நிமிடம் வரை.

"யார் செய்யறது?" என்றார் தலைவர்.

"நான் செய்யறேன்."

அப்படித்தான் எடைப் பிரிவு உண்டானது. நிபந்தனையையும் தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார். பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை முதல் மாதிரிக் கார் தராசில் ஏறும். பெட்ரோல் நிரம்பியிருக்கும், ஆள் இருக்கமாட்டார். தொள்ளாயிரத்து நாற்பது அல்லது அதற்குக் கீழ் என்றால் கார் உண்டு. மேல் என்றால் இல்லை. எல்லோரும் வேனுக்குத் திரும்ப வேண்டும். இசோகாய்-சான் கீலுக்கு.

*

மலிவான காரில் எடையைக் குறைப்பது வேடிக்கையான வேலை. பணக்காரக் கம்பெனிகள் இரும்பை எடுத்துவிட்டு அலுமினியம் வைக்கும். எங்கள் கட்டடத்தில் அலுமினியம் என்று யாராவது சொன்னால் விலைப் பிரிவில் ஒருவர் எழுந்து நிற்பார். எனவே இசோகாய்-சானுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. இருப்பதை எடுப்பது.

மின்சாரக் கண்ணாடி போய்க் கையால் சுற்றும் கண்ணாடி வந்தது. டிக்கியின் உள்பக்க அட்டை போனது. டிக்கி மூடியைத் தூக்கி நிறுத்தும் கம்பியில் மூன்று துளை விழுந்தது. அவர் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது இல்லைன்னா கார் என்ன சொல்லும்?"

ஒவ்வொரு பாகத்தின் எடையையும் அந்தந்தப் பிரிவுப் பொறுப்பாளர்தான் அவருக்கு எழுதித் தர வேண்டும். இங்கேதான் எங்கள் பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது.

எங்கள் ஊரில் மனைவிமார் வீட்டுச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, கணவனுக்குத் தெரியாமல் மேசை இழுப்பறையின் அடியில் ஒட்டி வைப்பார்கள். சிறுவாடு. எல்லாக் கணவனுக்கும் தெரியும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் அதையே கிராமில் செய்தோம். என் ஓட்டுநர் இருக்கை பன்னிரண்டு கிலோ நூறு. நான் பதிமூன்று என்று எழுதினேன். பின்னால் குறைக்கச் சொல்வார்கள். அப்போது பல்லிடுக்கில் காற்றை இழுத்து, தலையைச் சாய்த்து, ரத்ததானம் செய்பவனைப் போல் முந்நூறு கிராம் தர வேண்டும். கையில் இல்லாமல் எப்படித் தருவது?

இது ஏமாற்று இல்லை. முன்யோசனை. அப்படித்தான் எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள்.

"நிவா-சான், ஓட்டுநர் இருக்கை பதிமூணுன்னு எழுதியிருக்கீங்க" என்றார் அவர் ஒரு நாள்.

"ஆமா. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் அங்க கொண்டுவந்தோம்."

"பாவம். பதிமூணு புள்ளி பூஜ்யமா?"

"தற்செயலா அப்படி அமைஞ்சுது."

"டோமட்சு-சானோட ஹார்னும் தற்செயலா முழு எண்தான். அகுட்சு-சானோட கம்பியும் அப்படியே. இந்தக் கம்பெனியில தற்செயல் ரொம்ப அதிகம். அதுக்கும் எடை இருந்தா சொல்லுங்க, கழிச்சுடறேன்."

நான் காற்றை இழுத்தேன். தலையைச் சாய்த்தேன்.

"முந்நூறு கிராம் பாக்கறேன்" என்றேன்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

அவர் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி உண்மையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சற்று உறுத்தியது. அதுவும் மதியச் சாப்பாடு வரைக்கும்தான்.

*

ஜனவரி முடிவில் எல்லோரும் எழுதித் தந்ததைக் கூட்டினால் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு வந்தது. நான்கு கிலோ அதிகம். ஆனால் ஒருவர் முகத்திலும் கவலை இல்லை.

உணவுக்கூடத்தில் டோமட்சு கறி ஊடோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மின்சாரப் பிரிவு அவனுடையது. நானும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் ஒருவரை ஒருவர் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"நாலு கிலோதானே" என்றான். "அடிச்சட்டக்காரங்க கிட்ட மட்டுமே ரெண்டு கிலோ ஒளிஞ்சிருக்கும். அகுட்சு-சான் மூஞ்சியைப் பாரு. அது ஒண்ணுமில்லாதவன் மூஞ்சியா?"

"உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"என்கிட்ட எங்கய்யா? நான் ஏழை. உன்கிட்ட?"

"நானும்தான்."

இருவரும் சிரித்தோம். இருவருக்கும் தெரியும்.

பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. சத்தமில்லாமல், ஒரே மாதத்தில், பதினோரு பிரிவுகளிலும். எல்லோரிடமும் சிறுவாடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் மொத்தம் எப்படியும் இறங்கிவிடும். அப்படியென்றால் என்னிடம் இருப்பது உபரி. உபரியை வீணாக்குவானேன்? அதற்குமேல் கொஞ்சம் செலவானாலும் அடுத்தவர் சிறுவாடு இருக்கவே இருக்கிறது.

நான் பயணி இருக்கைக்கு உயரம் மாற்றும் கருவி வைத்தேன். காரணம் இருந்தது. கம்பெனித் திருவிழா அன்று என் மனைவி மாதிரி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் குள்ளம். "டேஷ்போர்டு நல்லா தெரியுது" என்றாள். "வேற ஒண்ணும் தெரியல." அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மற்றவர்களும் தங்கள் தங்கள் மனைவியின் பேச்சையோ மனச்சாட்சியின் பேச்சையோ கேட்டார்கள்.

*

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திங்கட்கிழமை மாதிரிக் காரைத் தராசில் ஏற்றினோம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு தட்டு. நடுவில் பெட்டியில் எண் ஓடும். சிவப்புக் கார். தாழ்வாக, உம்மென்று இருந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம். முகத்தில் பெருந்தன்மை. நான்கு கிலோவை அடுத்தவர் தரப்போவதைப் பார்க்க வந்தவர்களின் முகம்.

எண் நின்றது. 951.4.

வெளியே குளிர்காற்று தகரக் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தராசு சரியில்ல" என்றான் டோமட்சு.

இசோகாய்-சான் காரை இறக்கச் சொன்னார். தட்டுக்கு ஒன்றாக இருபது கிலோ எடைக்கல் நான்கு வைத்தார். பெட்டி எண்பது காட்டியது. காரை மறுபடி ஏற்றச் சொன்னார். 951.4.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவது முகத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐந்தாவது என்னுடையது.

"எல்லாரும் செலவு பண்ணிட்டீங்க" என்றார்.

நாங்கள் குனிந்தோம். பதினோரு பேரும் ஒரே நேரத்தில், இடுப்பு வரை. மன்னிப்புக் கேட்பதில் எங்களைக் குறை சொல்ல முடியாது. எதற்காக என்று சொல்வதில்தான் சிரமம்.

"யார் எதை வெச்சீங்க?"

பொறுப்பாளர் ஒருவர் மற்றவர்கள் முன்னால் தன் பாகத்தில் கொழுப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? அவருக்குக் கீழே எட்டுப் பேர் நிற்கிறார்கள்.

இசோகாய்-சான் தராசுப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பத்தேழு வயதில், நாற்பத்தேழு வயதில், கீல். பிறகு எழுந்தார்.

"சரி. நாளைக்குக் காலையில கம்பெனி உடற்பயிற்சி முடிஞ்சதும் வாசல்ல ஒரு டின் வைக்கறேன். சீட்டு எழுதிப் போடுங்க. எந்தப் பாகம், எத்தனை கிராம். பேர் வேண்டாம். முத்திரையும் வேண்டாம்."

"முத்திரை வேண்டாமா?" என்றார் அகுட்சு-சான். ஐம்பத்திரண்டு வயது. அடிச்சட்டப் பிரிவு. எங்களில் மூத்தவர். கையெழுத்துக்குப் பதில் நாங்கள் குத்தும் பெயர் முத்திரை இல்லாத காகிதம் அவருக்குக் கால்சட்டை போடாமல் தெருவில் நிற்பது மாதிரி.

"வேண்டாம்."

"அப்ப யார் எழுதினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தெரியக்கூடாதுன்னுதான் அகுட்சு-சான்."

அவர் அதை நெடுநேரம் யோசித்தார்.

*

அரிசி பிஸ்கட் டின்னில் நாற்பத்தொரு சீட்டு விழுந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இசோகாய்-சான் எல்லோரையும் கூப்பிட்டு வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது சீட்டிலேயே விஷயம் வெளிவந்துவிட்டது. ஒருவர்கூடத் தன் பாகத்தைப் பற்றி எழுதவில்லை. எல்லோரும் பக்கத்துப் பிரிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். மிகுந்த மரியாதையோடு.

"இருக்கைப் பிரிவின் அயராத உழைப்பைப் பெரிதும் மதிக்கிறேன்" என்று வாசித்தார். "பயணி இருக்கையின் அடியில் உயரம் மாற்றும் இரும்புக் கருவி ஒன்று இருப்பதாக அறிகிறேன். இந்தக் காரில் யார் எந்த உயரத்துக்குப் போகப்போகிறார்கள் என்று எண்ணி மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை. அறுநூற்று நாற்பது கிராம்."

சீட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஆறு என்ற எண் நத்தை மாதிரி சுருண்டிருந்தது. இருபது வருடமாக எனக்குத் தெரிந்த நத்தை.

"யோவ்" என்றேன் டோமட்சுவிடம், மெதுவாக.

"பேர் இல்லாத சீட்டு" என்றான் அவன், நேராகப் பார்த்துக்கொண்டு. "பேர் இல்லாததை மதிக்கணும்."

அடுத்த சீட்டு. "காருக்கு இரண்டு ஹார்ன் வைத்ததில் மின்சாரப் பிரிவின் இசை ரசனை தெரிகிறது. ஆனால் ஒரு குரலில் கேட்டாலே மக்கள் வழிவிடுவார்கள் என்று தாழ்மையுடன் நம்புகிறேன். முந்நூற்று எண்பது கிராம்."

டோமட்சு என் பக்கம் திரும்பினான்.

"இசை ரசனையா?"

"பேர் இல்லாத சீட்டு" என்றேன்.

அவனுக்கு இன்னும் இரண்டு இருந்தன. பேட்டரி வேனுடையது, ஸ்போர்ட்ஸ் காருக்கு அதில் பாதி போதும் என்று ஒன்று. மின்சாரக் கண்ணாடியை எடுத்து நான்கு மாதமாகியும் அதன் வயர் மட்டும் கதவுக்குள் யாருக்காகவோ காத்திருக்கிறது என்று இன்னொன்று. அவன் காது சிவந்தது. எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

"அடிச்சட்டப் பிரிவில், ஜன்னல் ஓர மேசைக்கு அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று இருக்கிறது" என்று அடுத்ததை வாசித்தார். "துப்பாக்கி இல்லை என்று நினைக்கிறேன்."

எல்லோரும் அகுட்சு-சானைப் பார்த்தார்கள். அவர் போய் அதை எடுத்து வந்தார். திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பி. காரில் இருப்பது கட்டி இரும்பு. இது உள்ளே குழலாக இருந்தது. இசோகாய்-சான் கொக்கியில் மாட்டினார். ஒரு கிலோ நூறு குறைவு.

"எப்பச் செஞ்சீங்க?"

"அக்டோபர்ல."

"அக்டோபர்லேயே இருந்துச்சா? ஏன் தரல?"

"தரணும்னுதான் வெச்சிருந்தேன்." அகுட்சு-சான் தரையைப் பார்த்தார். "கடைசியில நீங்க அழுதா, அப்ப எடுத்துக் குடுக்கலாம்னு."

"நான் அழமாட்டேனே."

"அதான் காத்துக்கிட்டிருந்தேன்."

இசோகாய்-சான் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தோம். திரும்பியபோது சிரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொரு சீட்டில் சில பயன்படாதவை. டிக்கிக்குள் மூன்று பூச்சு பெயின்ட் அதிகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அடித்த பெயின்டைச் சுரண்ட நேரமில்லை. அடுத்த காரில் குறைக்கிறோம் என்று பெயின்ட் பிரிவு சொன்னது. தராசு அடுத்த காரை எடை போடாது. மீதியைக் கூட்டினோம். பதினோரு கிலோ நூற்று அறுபது கிராம். இன்னும் கொஞ்சம் வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

இரண்டு நாள் வேலை நடந்தது. அத்தனை சந்தோஷமாக நாங்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் பக்கத்துப் பிரிவுக்காரர் கழற்றுவதை நேரில் நின்று கவனித்தோம். வேன் ஸ்டெப்னியும் ஜாக்கியும் போய்ச் சிறியவை வந்தன. போல்ட்டுகளின் நுனி தேவைக்கு மேல் அரை விரல் நீட்டிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதினான்கு போல்ட். ஒவ்வொன்றாக அறுத்தோம். காரின் தரையில் சத்தம் வராமலிருக்க ஒட்டியிருந்த தார் விரிப்பை எடுக்க, ஐஸ்கிரீம் கடையிலிருந்து உலர் பனிக்கட்டி வாங்கி வந்து அதன் மேல் கொட்டினோம். தார் விறைத்து, சுத்தியல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. இரண்டு கிலோ அறுநூறு.

"இனிமே வண்டி தகர டப்பா மாதிரி கத்தும்" என்றார் தார் விரிப்புக்காரர், வருத்தத்தோடு.

"கத்தட்டும்" என்றார் இசோகாய்-சான். "நர்ஸுக்கு வேகமாப் போற மாதிரி இருக்கும்."

என் உயரக் கருவியை நானே கழற்றினேன். டோமட்சு பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துத் தந்தான்.

"வீட்டுல என்ன சொல்லுவ?"

"இன்னும் யோசிக்கல."

"ஒரு மெத்தை வாங்கிக் குடு. அது அவங்க சொந்தச் சாமான். கார் எடையில வராது."

அவன் கெட்டவன் இல்லை.

*

வியாழக்கிழமை மதியம். 940.2.

எங்கள் கூட்டல் கணக்குப்படி சரியாக இருநூற்று நாற்பது கிராம் அதிகம். இரண்டு ஆரஞ்சுப் பழம்.

"கண்ணாடி கழுவுற தண்ணியைக் கொட்டிடலாமே?"

"தண்ணி ரொப்பித்தான் நிக்கணும். விதி."

"டயர்ல காத்தை எடுத்தா?" என்றான் டோமட்சு. "காத்துக்கும் எடை இருக்கு. நாலு டயரும் சேர்த்து இருநூறு கிராம் வரும்."

"முழுசா எடுத்தா வரும்" என்றார் இசோகாய்-சான். "அப்புறம் தலைவர் முன்னாடி கார் சப்பணம் போட்டு உக்காந்திருக்கும்."

யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அல்லது எல்லோருக்கும் ஒன்றே தோன்றியது. நான் கூரையைப் பார்த்தேன். அகுட்சு-சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் தன் பேனாவைக் கழற்றி மாட்டினார்.

"அதுக்கு ஏன் சீட்டே வரல?" என்றார் இசோகாய்-சான்.

"எதுக்கு?"

"நீங்க எல்லாரும் பாக்காம இருக்கீங்களே, அதுக்கு."

காரின் மூக்கில் ஒரு கொக்கு இருந்தது. சிறகை விரித்த கொக்கு. துத்தநாக வார்ப்பு, மேலே குரோம் முலாம். பின்னால் டிக்கி மேல் அதன் குஞ்சு போல இன்னொன்று. கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் கையால் வரைந்தது. எங்கள் வேன்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கள் சட்டைப் பையிலும், உணவுக்கூடத் தட்டிலும்.

அதைத் தொடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தலைவர் பெரியவரின் மகன் இல்லை. மருமகன். பெண்ணைக் கட்டி, வீட்டோடு வந்து, கனேமரு என்ற பெயரையும் எடுத்துக்கொண்டவர். பெரியவர் இறந்து ஏழு வருடம். அம்மா என்று எல்லோரும் அழைக்கும் அவர் மனைவி தொழிற்சாலைக்குப் பின்புறம்தான் இருக்கிறார். பங்கில் பாதி அவர் பெயரில். எங்கள் தலைவர் வங்கிக்காரர்களிடம் குரல் உயர்த்துவார், அமைச்சர் வந்தாலும் கலங்கமாட்டார். மாமியார் வீட்டு வாசலில் மட்டும் கழற்றிய செருப்பை மரியாதைக்காக இரண்டு முறை திருப்பி வைப்பார்.

"சின்னத்தை மாத்தணும்னா காகிதம் சுத்தணும்" என்றார் அகுட்சு-சான். "ஒன்பது முத்திரை. ரெண்டு வாரம் ஆகும்."

"நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை" என்றார் இசோகாய்-சான்.

"விட்டுடுங்க இசோகாய்-சான். பதினோரு கிலோ எடுத்திருக்கோம். இருநூறு கிராம்தானே. தலைவர் பெருசு பண்ணமாட்டார்."

இசோகாய்-சான் கொக்கித் தராசை மடித்துப் பையில் வைத்தார்.

"நாலு மாசமா உங்ககிட்ட முப்பது கிராம், நாப்பது கிராம்னு வந்து நின்னேன்" என்றார். "இப்ப இருநூறு கிராம் ஒண்ணுமில்லன்னா, அத்தனை நாளும் நான் என்ன கேட்டேன்?"



*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைவர் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைத் திறந்து மூடினார். தராசைக் காட்டச் சொன்னார்.

940.2.

"மேல" என்றார்.

கோபம் இல்லை. பார்த்ததைச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இந்தக் கார் வேண்டும் என்பது அந்தத் துடைப்பில் தெரிந்தது. ஆனால் பதினோரு பேர் முன்னால் சொன்ன சொல்.

"இன்னும் எடுக்க ஏதாவது இருக்கா?"

நாங்கள் கூரையையும் கடிகாரத்தையும் பேனாவையும் பார்த்தோம்.

இசோகாய்-சான் முன்னால் வந்து இரண்டு கையாலும் ஒரு சீட்டை நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். முன் சின்னம் 210 கிராம். பின் சின்னம் 150 கிராம். கீழே முழுப் பெயர், இசோகாய் மினாகோ. பக்கத்தில் சிவப்பு முத்திரை. எங்கள் கம்பெனியில் கீழே இருப்பவர் முத்திரையை மேலே இருப்பவர் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் குத்துவார். அது வணக்கம் சொல்வதுபோல. இந்த முத்திரை நேராக நின்றது.

தலைவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதுக்கு மத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"யாரையும் கேக்கல. என் முத்திரை மட்டும்தான்."

அவர் காரின் பின்பக்கம் போய் நின்றார். முன்பக்கம் வந்து நின்றார். கொக்கு அவரைப் பார்த்தது.

"பின்னாடி இருக்கிறதை எடுங்க" என்றார். "அம்மா எந்தக் காரையும் பின்னாலிருந்து பாத்ததில்ல."

டோமட்சு கழற்றினான். எண் ஓடி நின்றது. 940.1.

"நெருங்கிடுச்சு" என்றார் தலைவர். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"மேலதான் தலைவரே" என்றார் இசோகாய்-சான்.

தலைவர் எங்களைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

பதினோரு பேரும் காலணிகளை ஆராய்ந்தோம். டோமட்சுவுக்குத் திடீரென்று ஒரு தொலைபேசி அழைப்பு ஞாபகம் வந்தது, ஆனால் நகரவில்லை. தலைவர் கையை நீட்டினார். யாரோ அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார்கள். அவர் கோட்டுடனேயே தரையில் முட்டி போட்டு மூன்று திருகையும் தானே கழற்றினார். மூன்றாவது சற்று இறுகியிருந்தது. யாரும் உதவவில்லை, உதவக்கூடாது என்று தோன்றியது.

939.9.

கைதட்டல் எதுவும் இல்லை. தலைவர் கொக்கைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"இசோகாய்-சான், நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"முத்திரை உங்களோடதுதானே."

இருவரும் பின்வாசல் வழியாகப் போனார்கள். நாங்கள் தராசைச் சுற்றி நின்றோம். மூக்கில் மூன்று துளையோடு கார் எங்களைப் பார்த்தது. பாதிப் பங்கு வைத்திருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எண் அங்கேயே நிற்கிறதா என்று அகுட்சு-சான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார்.

நாற்பது நிமிடம் கழித்து இசோகாய்-சான் மட்டும் திரும்பினார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"தலைவர் அரை மணி நேரம் வானிலையைப் பத்திப் பேசினார். அப்புறம் கைக்குட்டையைப் பிரிச்சு வெச்சார்."

"அம்மா?"

"கையில எடுத்துப் பாத்தாங்க. தூக்கித் தூக்கிப் பாத்தாங்க. காருக்கு இது கனமான்னு கேட்டாங்க. ஆமாம்மா, இருநூத்திப் பத்து கிராம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சு உள்ள போனாங்க. ஊறுகாய்ப் பானையைத் திறந்து, அமுக்கற கல்லை எடுத்துட்டு முள்ளங்கி மேல இதை வெச்சுப் பாத்தாங்க. ரெண்டு நிமிஷம். அப்புறம் கழுவித் துடைச்சுக் கொண்டுவந்து தலைவர் கையிலயே குடுத்துட்டாங்க. முள்ளங்கியை அமுக்கக்கூட இது பத்தல, இதுக்கா இவ்வளவு முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தீங்கன்னாங்க."

நாங்கள் காத்திருந்தோம்.

"அவ்வளவுதான்" என்றார் இசோகாய்-சான். "கார் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல. தலைவர் இன்னும் அங்கதான் இருக்கார். சாப்பிட்டுத்தான் போகணும்னு உக்கார வெச்சுட்டாங்க."

அவர் தராசுப் பெட்டியின் விசையை அணைத்தார். காரை இறக்கச் சொன்னார். அகுட்சு-சான் சாவியை அவரிடமே நீட்டினார். அவர் உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கிவிட்டு, எஞ்ஜினைக் கிளப்பினார். தகர டப்பா மாதிரிதான் கத்தியது.